லோஃபோட்டன் தீவுகளுக்குப் பயணத் திட்டம்: மாதம், வீடு, கார், காற்று

நார்வேயின் வடக்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, 68 பாகை அட்சரேகையை ஒட்டி லோஃபோட்டன் தீவுகள் கிடக்கின்றன. கடலிலிருந்து நேராக எழும் பாறை மலைகள், அவற்றின் காலடியில் செந்நிற மீனவர் குடில்கள், நடுவே வெள்ளை மணல் கடற்கரைகள். படங்களில் பார்ப்பதெல்லாம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் மேகம் விலக வேண்டும். இங்கே பயணம் சொதப்புவதற்கு முதல் காரணம் பணமோ தூரமோ இல்லை. திங்கள் இந்த மலை, செவ்வாய் அந்தக் கடற்கரை என்று வீட்டில் உட்கார்ந்தபடியே நாள்வாரியாக அட்டவணை போட்டுவிடுவதுதான். தங்குமிடத்தையும் காரையும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதை முந்தின இரவுவரை முடிவு செய்யாதீர்கள்.

குறைந்தது ஐந்து இரவு இருந்தால் மட்டுமே இவ்வளவு தூரம் போவதில் பொருள் உண்டு. மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் தென்மேற்கு நார்வேயில் பெர்கன் நகரின் பக்கத்து ஃபியோர்டுகளை, அதாவது மலைகளுக்கு நடுவே உள்நுழையும் கடல் வாய்களைப் பார்த்துவிட்டு வருவது மேல்.

எந்த மாதம்

மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தவை. மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை சூரியன் மறைவதே இல்லை. இரவு பதினொரு மணிக்கு மலை ஏறத் தொடங்கலாம். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருப்பது ஜூலையில். கோடை என்றதும் வெயிலை எதிர்பார்க்க வேண்டாம். ஜூலையில் சராசரி வெப்பம் 12, 13 டிகிரிதான்; நல்ல நாளில் 20ஐத் தொடும், மழைநாளில் 9இல் நிற்கும்.

வடதுருவ ஒளி வேண்டும் என்பவர்கள் ஜூன், ஜூலையில் போய் ஏமாறுவது இன்னும் நடக்கிறது. இரவே இருட்டாத வானில் அது தெரியாது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் அதற்குக் காலம். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதில்லை. நண்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அது சலிப்பைத் தரும்.

இரண்டு மாதங்களைச் சிபாரிசு செய்யலாம். ஒன்று செப்டம்பர்: பாதைகளில் பெரும்பாலும் பனி இருக்காது, பகலில் மலை ஏறலாம், இரவில் ஒளிக்குக் காத்திருக்கலாம், கோடைக் கூட்டமும் கலைந்திருக்கும். மழை அதிகம் என்பதுதான் குறை. இன்னொன்று மார்ச்: மலைகள் முழுக்க வெண்பனி, பகல் 12 மணி நேரம், காட் மீன்பிடிப்பும் அப்போது சூடுபிடித்திருக்கும். பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் 'ஸ்க்ரை' என்ற காட் மீன் ஜனவரி முதல் ஏப்ரல்வரை, தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவிலுள்ள கடலான வெஸ்ட்ஃபியோர்டில் பிடிபடும். அதை இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்பே போடாத கருவாடு அது. குளிர்ந்த காற்றில் உலர்ந்து ஜூன்வாக்கில் இறக்கப்படும். மீன் பெரும்பாலும் இத்தாலிக்கும், தலைகள் தனியே நைஜீரியாவுக்கும் போகும். மார்ச்சில் தீவுகளின் மேற்குக் கோடிக் கிராமமான ரெய்னேயில் காரை விட்டு இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறுவது இந்த வாடைதான். ஒத்துக்கொள்ளாதவர்கள் சட்டங்களை ஒட்டிய குடிலை எடுக்க வேண்டாம்.

எப்படிப் போய்ச் சேர்வது

முதன்மைத் தீவுகள் எல்லாம் பாலங்களாலும் சுரங்கங்களாலும் ஈ10 என்ற ஒரே நெடுஞ்சாலையில் கோர்க்கப்பட்டவை. 2007 டிசம்பரில் கடைசி இணைப்பும் முடிந்ததால், நிலப்பகுதியிலிருந்து படகே ஏறாமல் காரில் போய்விடலாம். சாலை முடியும் இடம் 'ஓ' (Å) என்ற ஓரெழுத்துப் பெயருள்ள கிராமம்.

உள்ளே வர நல்ல வழி இரண்டு.

ஒன்று, ஆஸ்லோவிலிருந்து ஈவெனஸ் விமான நிலையம் (பயணச்சீட்டில் ஹார்ஸ்டாட்/நார்விக் என்று இருக்கும்), அங்கே கார். தீவுகளின் கிழக்குப் பக்கத்து ஊரான ஸ்வோல்வருக்குச் சுமார் 165 கி.மீ., இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ஓ வரைக்கும் இன்னொரு 130 கி.மீ., மறுபடி இரண்டரை மணி. ஈவெனஸ் பக்கத்து ஈ10இல் பெரிய சாலைப்பணி நடக்கிறது. சில இரவுகளில் சாலையை மூடுவதும் உண்டு. விமானம் மாலையில் இறங்குகிறது என்றால் நார்வே சாலைத்துறையின் போக்குவரத்து வரைபடத்தை முன்கூட்டிப் பாருங்கள், அல்லது 175க்கு அழையுங்கள்.

மற்றொன்று, விமானத்திலோ ரயிலிலோ நிலப்பகுதியிலுள்ள பூடோ நகர், அங்கிருந்து மோஸ்கெனஸுக்குக் கார் படகு. மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும். இறங்கும் இடத்திலிருந்து ரெய்னே 5 கி.மீ.தான். படகு நெருங்க நெருங்க மலைச்சுவர் கடலிலிருந்து எழும்பும் காட்சிக்காகவே இந்த வழியில் வருவோர் உண்டு. ஆனால் வெஸ்ட்ஃபியோர்ட் திறந்த கடல், ஆட்டம் பலமாக இருக்கும். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. கோடையில் காருக்கான இடத்தை முன்பதிவு செய்யுங்கள், முக்கால் மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நிற்கவும் வேண்டும். குளிர்காலத்தில் புயலடித்தால் படகு ரத்தாகும்; அப்போது வடக்கே சுற்றி, போக்னஸ்–லோடிங்கன் படகைப் பிடித்து வர ஒரு முழுப் பகல் தேவை.

ஆறு இரவுக்குள் என்றால் ஈவெனஸ், அதற்கு மேல் என்றால் பூடோ. ஓரிடத்தில் காரை எடுத்து வேறிடத்தில் விடுவதற்கு இங்கே கட்டணம் கடுமை; எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்கும்படி வழியை அமையுங்கள். லெக்னஸ், ஸ்வோல்வர் ஆகிய ஊர்களுக்கும் பூடோவிலிருந்து சிறு விமானங்கள் உண்டு. ஓடுபாதை குட்டை, காற்றடித்தால் ரத்து. ஊர் திரும்பும் பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய இணைப்பாக அதை வைக்கக் கூடாது.

பதிவு செய்யும் வரிசை

முதலில் தங்குமிடம், அடுத்த நிமிடமே கார், பிறகு விமானம். விமான இருக்கை கடைசிவரை கிடைக்கும், விலைதான் ஏறும். ஜூலைக்கு ரெய்னேயில் குடிலோ, தானியங்கி கியர் காரோ மார்ச்சிலேயே தீர்ந்துபோகும். ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பதிவு செய்யுங்கள். விசா கையில் வரும்வரை அது ஒரு காப்பு.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். கோபன்ஹேகனில் இரண்டு இரவு, லோஃபோட்டனில் ஆறு என்றால் நார்வேயிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம்; கோடைக்கு நேரம் கிடைப்பதே சிரமம் என்பதால் மூன்று மாதம் முன்பாவது கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. கார் ஓட்டுபவர் சொந்த உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்வது நல்லது; வாடகை நிறுவனங்கள் கேட்கும்.

எங்கே தங்குவது

தங்குவதென்றால் 'ரோர்பு'. துடுப்புப் படகில் வந்த மீனவர்கள் குளிர்காலத்தில் தங்கிய குடில்கள். பாதி கரையிலும் பாதி தண்ணீருக்கு மேல் தூண்களிலுமாக நிற்கும். இப்போது பெரும்பாலானவற்றில் சமையலறையும் சூடான தரையும் உண்டு. விலையைப் பார்க்கும்போது இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: படுக்கை விரிப்பும் துண்டும் சேர்த்தா, கடைசி நாள் துப்புரவு சேர்த்தா. சேராவிட்டால் நால்வர் குடும்பத்துக்குக் கணிசமாக ஏறிவிடும்.

தினமும் ஊர் மாறாதீர்கள். ஈவெனஸ் வழியாக வந்தால் மேற்கே ரெய்னே அல்லது ஹம்னோய் பக்கம் மூன்று இரவு, கிழக்கே ஹென்னிங்ஸ்வர் அல்லது கபெல்வாக் பக்கம் இரண்டு இரவு. ஒரே இடத்தில்தான் தங்க வேண்டும் என்றால் நடுவில் லெக்னஸுக்கு அருகே பால்ஸ்டாட் பொருத்தம். அழகில் ரெய்னேக்கு ஒரு படி குறைவுதான், ஆனால் மேற்கே ஒரு மணி நேரத்தில் ரெய்னே, கிழக்கே ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலில் ஸ்வோல்வர், வடக்கே அரைமணிக்குள் ஹௌக்லாண்ட் கடற்கரை. எங்கே மேகம் கலைகிறதோ அங்கே ஓடலாம்.

கூடாரம் போடுகிறவர்களுக்கு நார்வே சட்டம் தாராளமானது. 1957இன் திறந்தவெளிச் சட்டப்படி, விளைநிலம் அல்லாத இடத்தில், ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவுவரை தங்கலாம். ஆனால் கூட்டம் பெருகியதால் பல கடற்கரைகளிலும் சாலையோர நிறுத்தங்களிலும் உள்ளூர் நிர்வாகம் தடைப் பலகை வைத்திருக்கிறது. பலகை இருந்தால் அதுதான் விதி. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டக் கூடாது.

காரும் சாலையும்

பேருந்து இருக்கிறது, ஆனால் ஒரு நாளுக்குச் சிலதான். கார் இல்லாமல் மேகத்துக்கேற்ப இடம் மாற முடியாது. வண்டி வலப்பக்கம் ஓட வேண்டும். முதல் நாள் ரவுண்டானாக்களில் நிதானம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஊருக்குள் பொதுவாக 50, வெளியே 80. அந்த 80ஐ லெக்னஸுக்கு மேற்கே பல இடங்களில் எட்டவே முடியாது; எட்டவும் கூடாது. இரத்தத்தில் மது 0.02 சதவீதம் தாண்டினாலே குற்றம். ஒரு பீர் குடித்தால்கூடச் சாவியைத் தொடாதீர்கள்.

கிளைச் சாலைகள் ஒற்றைத் தடம். நடுநடுவே நீலப் பலகையில் 'எம்' என்று எழுதிய அகன்ற இடம் வரும். எதிரே வண்டி வந்தால் உங்கள் பக்கம் இருக்கும் அகலிப்பில் ஒதுங்குங்கள். அது எதிர்ப்பக்கம் இருந்தால், அதற்கு நேரே நின்று எதிரே வருபவர் அதில் ஒதுங்க விடுங்கள். அங்கே காரை நிறுத்திப் படம் எடுப்பதுதான் உள்ளூர்க்காரர்களுக்கு அடங்காத எரிச்சல். அபராதமும் உண்டு, மீன் லாரி பின்னால் நின்று ஹாரன் அடிப்பதும் உண்டு. ஹம்னோய் பாலத்தின் மேல் புகழ்பெற்ற படத்தை எடுக்க வருகிறவர்கள் காரைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும்.

வாடகைக் கார்களில் அடிக்கடி சேதமாவது கதவு. பலத்த காற்றில் கதவைத் திறந்தால் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் கீல் வளைந்துவிடும். பல காப்பீடுகளில் இது சேராது. காற்று முகப்பில் மோதும்படி வண்டியை நிறுத்துங்கள், ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே மெல்லத் திறவுங்கள், ஒரே சமயத்தில் இரு கதவுகளைத் திறக்காதீர்கள்.

இந்தப் பகுதியில் ஆணி பதித்த குளிர்கால டயருக்கு அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30வரை அனுமதி. வண்டி எடுக்கும்போதே ஆணி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலமான கறுப்பு ஐஸ், சூரியன் படாத வளைவுகளிலும் பாலங்களின் மீதும் கடைசிவரை கரையாமல் கிடக்கும்.

நாளை எங்கே: காற்றைப் படிக்கும் முறை

நார்வே வானிலை நிறுவனமும் ஒலிபரப்பு நிறுவனமும் நடத்தும் 'யர்' (Yr) செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஐந்து நாள் கணிப்பை நம்ப வேண்டாம். முந்தின இரவும் அன்று காலையும் மணிவாரிக் கணிப்பைப் பாருங்கள். மழைப்படத்தைவிட முக்கியம் காற்றின் திசை அம்பும், வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற எண்ணும், அடைப்புக்குள் வரும் திடீர் வீச்சின் வேகமும்.

தீவுத்தொடருக்கு இரண்டு முகம். வடமேற்கே திறந்த கடலைப் பார்த்த வெளிமுகத்தில் ஹௌக்லாண்ட், உத்தாக்லைவ், உன்ஸ்டாட், எக்கும், க்வால்விகா. தென்கிழக்கே வெஸ்ட்ஃபியோர்டைப் பார்த்த உள்முகத்தில் ரெய்னே, நுஸ்ஃபியோர்ட், பால்ஸ்டாட், ஹென்னிங்ஸ்வர், ஸ்வோல்வர். காற்று எந்தப் பக்கம் வந்து மலையில் மோதுகிறதோ அந்தப் பக்கம் மேகம் குவிந்து மழை கொட்டும். மறுபக்கம் ஓரளவு தப்பும். வடமேற்குக் காற்று என்றால் உள்முகத்து ஊர்கள், தெற்கு, தென்கிழக்குக் காற்று என்றால் வெளிமுகக் கடற்கரைகள். இதில் ஒரு கண்ணி உண்டு: காற்று பலமாக இருந்தால் மறைவான பக்கத்திலும் மலையிடுக்கு வழியே திடீர் வீச்சாக இறங்கும். வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் என்றால் மலைமுகட்டுப் பாதைகளை அன்று விட்டுவிடுங்கள். கயாக் என்றால் அதற்கும் குறைவிலேயே நிறுத்த வேண்டும்.

ஆக, ஒவ்வொரு நாளுக்கும் கையில் மூன்று பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: தெளிந்த நாளுக்கு, மேகம் தாழ்ந்த நாளுக்கு, மழை கொட்டும் நாளுக்கு.

தெளிந்த நாள் மலைக்கு. ரெய்னெப்ரிங்கன் 448 மீட்டர். நேபாள ஷெர்பாக்கள் அடுக்கிய சுமார் 2000 கல்படிகள் சாலையோரத்திலிருந்தே ஏறத் தொடங்குகின்றன. ஏற ஒன்று முதல் ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. படிதானே என்று நினைப்பவர்களுக்கு முழங்கால் பதில் சொல்லும்; இறக்கத்துக்கு ஒரு ஊன்றுகோல் உதவும். மழைக்குப் பின் கல் வழுக்கும். பாதை தொடங்கும் சுரங்கத்தின் வாயில் நிறுத்த இடமில்லை. ரெய்னேயில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். காலை பத்திலிருந்து மாலை நான்குவரை எறும்பு வரிசைதான். ஜூனில் இரவு எட்டுக்கு மேல் ஏறுங்கள். படிகள் முடிந்ததும் நின்றுவிடுங்கள், அதற்கப்பால் முகடு குறுகி ஆபத்தாகிறது. பனிக்காலத்தில் இதில் ஏறவே கூடாது, பனிச்சரிவு அபாயம்.

அதைவிட ரீத்தன் எங்கள் தேர்வு. 543 மீட்டர் என்றாலும் ஏற்றம் மெதுவானது. ஃபிரெட்வாங் பக்கம் தனியார் நிறுத்தத்தில் கட்டணம் கட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். போய்வர நான்கு மணி நேரம் வையுங்கள், க்வால்விகா கடற்கரைக்கும் இறங்கி ஏறினால் இன்னும் இரண்டு. வழியில் சதுப்பு நிலம். பலகை போட்ட இடத்தில் பலகை மேலேயே நடங்கள், நீர்புகாத காலணி கட்டாயம். இது ஏறத் தெம்பில்லாதவர்களுக்கு ஹௌக்லாண்டின் மேலுள்ள மன்னன் என்ற 400 மீட்டர் முகடு போதும்.

மேகம் தாழ்ந்த நாளில் மலையை மறந்து தண்ணீரை ஒட்டிப் போங்கள்: ஹௌக்லாண்டிலிருந்து உத்தாக்லைவுக்குக் கடலோரமாகச் செல்லும் பழைய சாலை, சமதளம், நுஸ்ஃபியோர்ட் மீனவர் கிராமம் (கோடையில் நுழைவுக் கட்டணம் உண்டு), ஸ்வோல்வரிலிருந்து ட்ரோல்ஃபியோர்டுக்குப் படகு. ட்ரோல்ஃபியோர்டின் வாய் 100 மீட்டர் அகலம்தான். மேகம் தலைக்கு மேல் கூரைபோல் இருந்தாலும் குறையில்லை, வெண்வால் கடற்கழுகுகளும் தாழப் பறக்கும். மழை கொட்டினால் போர்க்கில் உள்ள லோஃபோட்டர் வைக்கிங் அருங்காட்சியகம். அங்கே கண்டெடுத்த வைக்கிங் தலைவனின் 83 மீட்டர் நீள வீட்டை மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

வடதுருவ ஒளிக்கு எல்லோரும், பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி (Kp) எண்ணைப் பார்ப்பார்கள். இந்த அட்சரேகையில் 2 இருந்தாலே போதும். பார்க்க வேண்டியது மேகப்படம். வடக்கு திறந்திருக்கும் வெளிமுகக் கடற்கரைகளுக்குப் போங்கள். படம் எடுக்க முக்காலி, அகன்ற லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஐந்து முதல் பத்து வினாடி. மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். குளிரில் பாதி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

சாப்பாடும் உடையும்

வெளியில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது. ரோர்பு சமையலறை அதற்குத்தான். கிவி, ரேமா 1000, கூப் எக்ஸ்ட்ரா மூன்றும் லெக்னஸில் உண்டு. ஞாயிறு பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். அரிசி, முட்டை, உருளை, உறைந்த காய்கறி எல்லாம் கிடைக்கும். நம் மசாலாவும் பருப்பும் கிடைக்காது. கையோடு எடுத்துப் போகலாம், ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் நெய் உட்பட்ட பால் பொருள்களும் கொண்டுவரத் தடை. ஆஸ்லோவில் ஒரு பகல் இருந்தால் அங்குள்ள தமிழ்க் கடைகளில் வாங்கலாம். 1980களில் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் ஆலை வேலைக்கு வந்த ஈழத்தமிழர்கள் பலர் பின்னர் ஆஸ்லோவில் குடியேறியதன் பயன் அது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், போத்தல் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ரொக்கமும் தேவைப்படாது, கார்டின் ரகசிய எண் (PIN) மட்டும் நினைவிருக்கட்டும், ஆளில்லாத பெட்ரோல் பம்புகள் அதைக் கேட்கும்.

உடை மூன்று அடுக்கு: தோலை ஒட்டிக் கம்பளி, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத சட்டையும் கால்சட்டையும். பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்தால் காயாது. முகட்டில் நிற்கும்போது குளிர் அங்கேதான் பிடிக்கும். குடை எடுக்க வேண்டாம், முதல் வீச்சிலேயே திரும்பிக்கொள்ளும். கோடைக்குக் கண்மறைப்பு, குளிர்காலத்துக்குத் தலைவிளக்கும் காலணியில் மாட்டும் ஐஸ் ஆணியும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 113, காவல் 112.

திரும்பும் நாளுக்கு முந்தின இரவை மட்டும் ரெய்னேயில் வைக்காதீர்கள். ஈவெனஸில் காலை விமானம் என்றால் ஸ்வோல்வர் பக்கமோ அதற்கும் கிழக்கேயோ தங்குங்கள். பூடோவிலிருந்து விமானம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே படகில் கடந்து பூடோவில் தூங்குங்கள். எரிபொருளை வழியில் பெரிய ஊரிலேயே நிரப்பிவிடுங்கள், காரைக் கொடுக்கும்போது நான்கு கதவுகளையும் சக்கரங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.